குளிர்சாதனப் பெட்டியும் நமது குடும்பங்களும்

இதைத் தொடர்ந்து படிக்குமுன் எழுந்து சென்று உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேற்பகுதியை, ஐஸ் கட்டும் இடத்தை, ஒரு தடவை திறந்து பாருங்கள். உறைந்து கல்லாகிப்போன பொலித்தீன் பைகள் சில கிடக்கும். அவற்றுள் எது கோழி, எது மாட்டிறைச்சி, எது போன மாதம் வாங்கிய மீன் என்று பார்த்தவுடன் சொல்ல முடிகிறதா? எல்லாவற்றுக்கும் அடியில், ஐஸோடு ஐஸாக ஒட்டிக்கொண்டு கறுத்துக் கிடக்கும் அந்தப் பொதி எப்போது வைத்தது? சென்ற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்த உழ்ஹிய்யா இறைச்சியாகவும் அது இருக்கலாம்.

தொலைக்காட்சி பிள்ளைகளைக் கெடுக்கிறதா, கைத்தொலைபேசி குடும்பத்தைப் பிரிக்கிறதா என்றெல்லாம் நாம் நிறையப் பேசிவிட்டோம். மேடைகளிலும் கேட்கிறோம், ஜும்ஆக்களிலும் கேட்கிறோம். ஆனால் குசினி மூலையில் நின்றுகொண்டு, நாம் வாங்கும் விதத்தையும் சமைக்கும் விதத்தையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் விதத்தையும் மாற்றிவிட்ட இந்தப் பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது பாட்டுப் பாடுவதில்லை, படம் காட்டுவதில்லை என்பதாலோ என்னவோ!

குசினி மூலை என்று சொன்னேன். நம்மவர் வீடுகளில் அது முதலில் நின்ற இடம் குசினியல்ல, முன் ஹோல். 1977இல் இறக்குமதிக் கதவுகள் திறந்துவிடப்பட்டன. அதே காலத்தில் நம் ஆண்களும், பின்னர் பெண்களும் சவூதிக்கும் குவைத்துக்கும் உழைக்கப் போகத் தொடங்கினார்கள். வந்த பணத்தில் முதலில் கல்வீடு, பிறகு தொலைக்காட்சி, அதன்பின் குளிர்சாதனப் பெட்டி. வருவோர் போவோர் கண்ணில் படும்படி அதை ஹோலில் நிறுத்தி, மேலே பின்னல் துணி விரித்து, பிளாஸ்டிக் பூச்சாடியும் வைத்தார்கள். அந்நிய நாட்டில் அடுத்தவர் வீட்டுக் குசினியில் நின்று உழைத்த ஒரு தாய், தன் வீட்டுக்கு வாங்கிய பொருளை நாலுபேர் பார்க்கட்டும் என்று நினைத்ததில் என்ன பிழை? எனக்கு அதில் குறை சொல்ல மனமில்லை. ஆனால் அதே பெட்டி பிற்பாடு சீதனச் சாமான்களின் பட்டியலில் ஏறியதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கதவா, இரண்டு கதவா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு அனுப்பும் கதைகள் உங்கள் ஊரிலும் இருக்கும். அது தனியாக எழுத வேண்டிய விடயம்.

உள்ளே நடப்பது என்ன?

ஊசி போடுமுன் தாதி கையில் ஸ்பிரிட் தடவும்போது ஜில்லென்று இருக்கிறதல்லவா? திரவம் ஆவியாகப் போகும்போது அந்த இடத்துச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்சாதனப் பெட்டியின் சூத்திரம் முழுவதும் இவ்வளவுதான். குழாய்க்குள் ஒரு திரவம் ஆவியாகி உள்ளேயுள்ள சூட்டை எடுக்கிறது. மோட்டார் அந்த ஆவியை அமுக்கிப் பின்பக்கம் அனுப்ப, அது சூட்டை வெளியே விட்டு மறுபடி திரவமாகிறது. ஆக, பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளேயிருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. பின்பக்கத்தில் கைவைத்தால் சுடுவது அதனால்தான். சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தச் சூடு போக வழியில்லாமல் மோட்டார் ஓயாது ஓடும், மின்பட்டியலும் ஏறும். நாலு விரல் அகலமாவது இடைவெளி விடுங்கள்.

ஆரம்பத்தில் அந்தக் குழாய்க்குள் ஓடியவை அமோனியா, கந்தக ஈரொட்சைட்டு போன்ற நச்சு வாயுக்கள். 1926இல் பெர்லினில் அப்படியொரு பெட்டியிலிருந்து வாயு கசிந்து ஒரு குடும்பமே இறந்துபோன செய்தியைப் பத்திரிகையில் படித்த விஞ்ஞானி ஐன்ஸ்டைன், தம் நண்பர் சிலார்டுடன் சேர்ந்து, ஓடும் பாகங்களே இல்லாத ஒரு பெட்டியை அமைக்க முனைந்தார். 1930இல் அதற்கு அமெரிக்காவில் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அது கடைக்கு வரவேயில்லை. அதே 1930இல் தோமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் ஒரு புதிய வாயுவை அறிஞர் கூட்டத்தின் முன்னிலையில் தாமே உள்ளிழுத்து, அந்த மூச்சால் மெழுகுதிரியை ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, தீப்பற்றவும் மாட்டாது என்பதற்கு அது அத்தாட்சி. குளோரோபுளோரோகாபன் எனும் அந்த வகை வாயு உலகெங்கும் வீடு வீடாகப் புகுந்தது. மனிதனைக் கொல்லாத அது, வானத்தில் நமக்குக் கூரையாக இருக்கும் ஓசோன் படையை அரிக்கும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர் எழுதினார்கள். 1985இல் தென்துருவத்தின் மேல் அந்தப் படை மெலிந்திருப்பது கண்டறியப்பட்டது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. 1989இல் இலங்கையும் அதில் இணைந்தது. இப்போது கடைகளில் விற்கும் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்ற வாயு இருக்கிறது. ஓசோனுக்கு அதனால் கேடில்லை; ஆனால் அது எரியக்கூடியது. ஐஸ் கட்டியை எடுப்பதற்குக் கத்தியால் குத்தும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

மூன்று நாட்கள்

இனி, முதலில் சொன்ன அந்தக் கறுத்த பொதிக்கு வருவோம்.

ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களின் காலத்தில் ஓராண்டு, பாலைவனத்திலிருந்து வறிய மக்கள் பசியோடு மதீனாவுக்கு வந்தார்கள். அந்தப் பெருநாளில் உழ்ஹிய்யா இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம், எஞ்சியதைத் தர்மம் செய்துவிடுங்கள் என்று நபியவர்கள் கட்டளையிட்டார்கள். பிந்திய ஆண்டில் மக்கள் அதைப் பற்றிக் கேட்டபோது, அன்று வந்திருந்த அந்த ஏழைகளுக்காகவே தடுத்தேன், இனி உண்ணுங்கள், சேமித்துங்கொள்ளுங்கள், தர்மமும் செய்யுங்கள் என்ற கருத்தில் அனுமதி கொடுத்தார்கள். ஹதீஸ் கிரந்தங்களில் வரும் செய்தி இது.

ஆகவே சேமித்து வைப்பது கூடும். அதில் சந்தேகமில்லை. குளிர்சாதனப் பெட்டி ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை, பயப்படாதீர்கள்! நான் கேட்பது வேறு. அந்தத் தடை ஓர் ஆண்டின் பசியைப் பார்த்து வந்த தடை. நம் நாட்டில் 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 வீதம் கூடியிருந்தன. அவ்வாண்டின் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூலையில் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, இறைச்சியைக் கண்ணால் காணாத வீடுகள் எத்தனையோ. அந்தப் பெருநாளைக்கு நம் பெட்டியின் மேல்தட்டில் எத்தனை கிலோ ஏறியது? ஒவ்வொருவரும் தம் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் உம்மும்மாமார் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் மட்டும் அல்ல. வைத்தால் பழுதாகும் என்பதால். அறுத்த அன்றே பங்கு பிரித்து, பனையோலைப் பெட்டியிலும் வாழையிலையிலும் கட்டி, பிள்ளைகளிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் போட்டு உப்புக்கண்டமாக வெயிலில் காய வைத்தார்கள். காகத்தையும் பூனையையும் விரட்ட ஒரு பிள்ளை தடியோடு காவல் இருக்கும். பெருநாள் அல்லாத நாட்களிலும் அப்படித்தான். ஒரு வீட்டில் பெரிய மீன் வாங்கினால் நாலு வீட்டில் ஆணம் மணக்கும். கோப்பையில் கறி போகும். கோப்பை வெறுமையாகத் திரும்பி வராது, இரண்டு முருங்கைக்காயாவது வரும். இறைச்சி பழுதாகும் என்ற பயம் அயலாரின் உரிமைக்குக் காவலாக இருந்தது. அந்தப் பயத்தை மோட்டார் நீக்கிவிட்டது. இப்போது கொடுக்க வேண்டுமென்றால் மனம் வந்துதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது முன்னையதைவிடக் கடினமான அமல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேலை யாருக்குக் குறைந்தது?

குளிர்சாதனப் பெட்டி பெண்ணின் வேலையைக் குறைத்தது என்பார்கள். நோன்பு காலத்தில் சஹருக்கு எழுந்து கறியைச் சூடாக்கி வைக்கும் எவரும் இதை மறுக்க மாட்டார். ஆசிரியையாக, தாதியாக வேலைக்குப் போகும் சகோதரிக்கு அது இரண்டாவது கை. ஆனாலும் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்கப் பெண் வரலாற்றாசிரியர் 1983இல் வெளியிட்ட நூலில், வீட்டு இயந்திரங்கள் வந்தபோது குறைந்தது பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலையே என்றும், தாயின் வேலை வேறு உருவில் அவளிடமே திரும்பி வந்தது என்றும் எடுத்துக்காட்டினார்.

அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. முன்பு காலையில் சந்தைக்குப் போய் அன்றைய மீனை வாங்கி வருவது வாப்பாவின் வேலை. இன்று பெட்டி இருக்கிறதே என்று ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோ மீனைக் கொண்டுவந்து குசினியில் போட்டுவிட்டால், அவருடைய கிழமை வேலை முடிந்தது. செதில் சுரண்டி, குடல் எடுத்து, கழுவி, பங்கு பிரித்துப் பையில் கட்டி அடுக்குவது யார்? றமழானுக்கு முந்திய வாரத்தில் நூறு ரோல்ஸும் நூறு சமூசாவும் உருட்டி உறைய வைப்பது யார்? பெட்டி இல்லாத காலத்தில் நோன்பு துறக்க ஈத்தம்பழமும் கஞ்சியும் ஒரு வடையும் போதுமாயிருந்தது. வசதி வந்ததும் எதிர்பார்ப்பும் கூடவே வந்தது. இரவு பத்து மணிக்கு நண்பர்களோடு வந்து இறங்கும் கணவரும், "ஃபிரிட்ஜில் ஏதாவது இருக்குமே" என்கிறார்! வாங்குவதை மொத்தமாக வாங்குபவர், கழுவும்போதும் வெட்டும்போதும் பக்கத்தில் நின்று ஒரு கை கொடுக்கட்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்பதை ஆயிஷா (ரழி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

குளிர் கிருமியைக் கொல்லாது

பெட்டிக்குள் வைத்துவிட்டால் எதுவும் பழுதாகாது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது பிழை. குளிர் கிருமியைத் தூங்க வைக்கும், கொல்லாது. கீழ்ப்பகுதி 4 பாகை செல்சியசுக்கு மேற்படாமலும், உறையும் பகுதி சைபருக்குக் கீழே 18 பாகையிலும் இருக்க வேண்டும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. நம் நாட்டுக் குசினியின் சூடு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எனவே சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். பெரிய சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் எடுக்கும். தட்டையான சிறு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள்.

சோற்றில் கூடுதல் கவனம் தேவை. வலீமாவில் மிஞ்சிய புரியாணியை இரவு முழுக்கத் தேக்சாவிலேயே விட்டு, காலையில் சூடாக்கி உறவினருக்குக் கொடுத்தனுப்புவதை எங்கும் காண்கிறோம். அரிசியோடு வரும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் வேக வைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியே கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. நல்ல எண்ணத்தோடு கொடுத்த சாப்பாடு வாந்தியில் முடியக் கூடாதல்லவா?

உறைந்த இறைச்சியை இளக்குவதற்குக் காலையில் எடுத்துக் குசினி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். முதல்நாள் இரவே கீழ்த்தட்டில் ஒரு கோப்பையில் வையுங்கள். வெளியே வைத்து இளகியதை மறுபடி உறைய வைக்கவும் கூடாது. எப்போதும் சரியான குளிரில் இருந்தால் துண்டு இறைச்சி 4 முதல் 12 மாதம் வரையும், அரைத்த இறைச்சியும் ஈரலும் 3 முதல் 4 மாதம் வரையும் சுவை கெடாமல் இருக்கும் என்று கணக்கு. பையின் மேல் ஒரு கடதாசித் துண்டில் திகதி எழுதி ஒட்டுவதற்கு அரை நிமிடம் போதும்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் பாவிப்போர் வீட்டில் இருந்தால், திறக்காத போத்தல்கள் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். கதவுத் தட்டிலோ நடுத்தட்டிலோ வையுங்கள். உறையும் பகுதியிலோ அதை ஒட்டியோ வேண்டவே வேண்டாம். ஒரு தடவை உறைந்துவிட்ட இன்சுலின், இளகியபின் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் பயன்படாது.

மின்சாரம் போனால்

1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது இந்நாட்டு வீடுகள் மணிக்கணக்காக இருளில் கிடந்தன. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. அதை அடுத்த சில நாட்களில் றமழான் பிறந்தது. மாதம் முழுவதற்கும் என்று உருட்டி உறைய வைத்தவர்களின் நிலை என்னவாகியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? மின்சாரம் போனால் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் நாம் செய்யும் முதல் வேலை. அதைச் செய்யாதீர்கள். திறக்காமல் விட்டால் கீழ்ப்பகுதி 4 மணி நேரம் தாங்கும். உறையும் பகுதி நிறைய இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி இருந்தால் 24 மணி நேரமும் தாங்கும். இடம் வெறுமையாக இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை முக்கால்வாசி நிரப்பி உறைய வையுங்கள். அவை குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

செலவும் சிறியதல்ல. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூட்டப்பட்டன. பின்னர் குறைந்தும் கூடியும் வந்திருக்கிறது. நடுத்தர அளவுப் பெட்டியொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் அலகு இழுக்கும். நமது கட்டணம் படிமுறையானது. அலகு ஏற ஏற ஓர் அலகின் விலையும் ஏறும். வேறு எதுவும் வாங்காமலே, பெட்டியின் அந்த 30 அலகு உங்களை மேற்படிக்குத் தள்ளிவிடலாம். கதவு ஓரத்து இறப்பர் தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். ஒரு கடதாசியைக் கதவுக்கிடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாக வழுக்கி வந்தால் இறப்பரை மாற்றும் காலம் வந்துவிட்டது. 2016 முதல், கதவைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் கமெராவும் திரையும் பொருத்திய பெட்டிகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. மூன்று பேர் உள்ள வீட்டில் உள்ளே கிடப்பதை அறியக் கமெரா தேவைப்படும் அளவுக்குச் சாமான் அடைப்பானேன்?

பெட்டி வாங்க வசதியில்லாத சகோதரிகளும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்காக ஒரு செய்தி. வட நைஜீரியாவில் குயவர் குடும்பத்தில் பிறந்த முஹம்மத் பா அப்பா என்ற ஆசிரியர், ஒரு பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை இறக்கி, இரண்டுக்கும் இடையில் ஈர மணலை நிரப்பி, வாயை ஈரத் துணியால் மூடி ஒரு குளிர்பானையை அமைத்தார். மணலிலுள்ள நீர் வெளிப்பானை வழியாக ஆவியாகிப் போகும்போது உள்பானை குளிர்கிறது. தாதி தடவிய ஸ்பிரிட்டின் அதே சூத்திரம்! மூன்று நாளில் வாடிவிடும் கத்தரிக்காய் அதில் 27 நாள் இருந்தது. இதற்காக 2000ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவ்வூர்களில் மரக்கறி வாடுமுன் விற்றாக வேண்டும் என்று தினமும் தெருவுக்கு அனுப்பப்பட்ட சிறுமிகளுக்குப் பாடசாலை செல்ல நேரம் கிடைத்தது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கொழும்பிலும் காலியிலும் காற்றில் எந்நேரமும் ஈரம் இருப்பதால் அங்கே இந்தப் பானை அவ்வளவாகக் குளிராது. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தவர்களும், வரண்ட காலத்தில் புத்தளம், மன்னார் பக்கத்தவர்களும் செய்து பார்க்கலாம். பூச்சுப் பூசாத பானைகளாக வாங்குங்கள். நிழலில், காற்றுப்படும் இடத்தில் வைத்து, காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தக்காளி, கத்தரி, கீரை, பச்சை மிளகாய் எல்லாம் வைக்கலாம். மீன், இறைச்சி, பால் மட்டும் வேண்டாம். அவற்றுக்குத் தேவையான குளிர் அதில் வராது.